ஐயெல்ட்ஸ் தேர்வு: பழைய வினாத்தாளை எப்படிப் படிப்பது?



ஒரு தலைமுறைக்கு முன்பு பரங்கிப்பேட்டையிலிருந்தும் லால்பேட்டையிலிருந்தும் சபர் போனவர்கள் ஆங்கிலத் தேர்வு எழுதிவிட்டுப் போகவில்லை. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போன இடத்திலேயே தேவையான மொழியைக் கற்றுக்கொண்டார்கள். இன்று நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கும் நாடுகள் வேறு. பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்றால் மேற்படிப்புக்கும் சரி, நர்ஸ் வேலைக்கும் சரி, பெரும்பாலும் முதலில் ஓர் ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணைக் கேட்கிறார்கள். அதில் நம் பக்கம் அதிகம் எழுதுவது ஐ.இ.எல்.டி.எஸ்., அதாவது பிள்ளைகள் ஐயெல்ட்ஸ் என்று சொல்வது.

ஒரு தடவை எழுத பதினேழு, பதினெட்டாயிரம் ரூபாய் கட்டணம். சென்னைக்குப் போய்வரும் செலவு தனி. மதிப்பெண் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். நமது டிரஸ்ட் இந்தக் கட்டணத்துக்கு உதவி செய்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த உதவியில் நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லித்தான் இந்தப் பாடத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

நர்சிங் முடித்த ஒரு பெண் பிள்ளை. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐயெல்ட்ஸ் அகாடமிக் தேர்வில் ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7-ம், ரைட்டிங்கில் 6.5-ம் வேண்டும், மொத்த மதிப்பெண்ணும் 7 இருக்க வேண்டும். முதல் தடவைக்கு டிரஸ்ட் பணம் கட்டியது. ரீடிங்கில் 6. இரண்டாம் தடவைக்கு அவருடைய அம்மா சங்கிலியை அடகு வைத்தார்கள். மறுபடியும் 6. மூன்றாம் தடவைக்கு உதவி கேட்டு அத்தாவும் மகளுமாக அலுவலகத்துக்கு வந்தபோது, “இந்த முறையும் வரவில்லை என்றால் விட்டுவிடலாம், வீட்டில் வேறு பேச்சு நடக்கிறது” என்று அத்தா தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தப் பிள்ளை தலையை நிமிர்த்தவில்லை.

எத்தனை பழைய வினாத்தாள் போட்டுப் பார்த்தாய் அம்மா என்று கேட்டேன். “இருபத்திரண்டு” என்றார். நோட்டைக் காட்டச் சொன்னேன். நோட்டில் தேதியும் மதிப்பெண்ணும் மட்டும் இருந்தன: 25, 26, 24, 27, 26. எந்தக் கேள்வி தவறு, ஏன் தவறு என்று ஒரு வரி இல்லை. இதை முதல் தடவையே நாங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் காசோலையில் கையெழுத்துப் போட்டோம். அந்தப் பணம் நீங்கள் தந்த அமானத்.

ஹிஃப்ளு மதரஸாவில் பிள்ளையை ஓதவிட்டவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதல்ல. சபக் கொடுக்கும்போது பிள்ளை ஓரிடத்தில் தடுமாறினால் உஸ்தாத் அந்த இடத்தில் முஸ்ஹஃபில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போடுவார். அடுத்த நாள் அந்தக் கோட்டில்தான் கண் நிற்கும். ஒரே மாதிரி வரும் இரண்டு ஆயத்துகளில் பிள்ளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிட்டால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்கே பிரிகிறது என்று காட்டுவார். பிறகு தவ்ர் ஓதும்போது பிழை வந்த இடமெல்லாம் திரும்பத் திரும்ப வரும். ‘இன்று ஒரு ஜுஸ்உ ஓதினேன், ஐந்து பிழை’ என்று எண்ணிக்கையை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு யாரும் ஹாஃபிழ் ஆனதில்லை. பழைய வினாத்தாளையும் இப்படித்தான் படிக்க வேண்டும்.

முதலில் எது பழைய வினாத்தாள் என்பதைப் பார்ப்போம். ஐயெல்ட்ஸ் நடத்துபவர்கள் நம் பொதுத்தேர்வு போல் ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் தாளை வெளியே விடுவதில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 1996-லிருந்து வரிசையாகப் புத்தகம் போடுகிறது. ஒவ்வொன்றிலும் நான்கு தேர்வுகள், விடைகள், ஒலிப்பதிவின் எழுத்து வடிவம், ரைட்டிங்குக்கு மாதிரி விடைகள் எல்லாம் இருக்கும். பதினோராவது புத்தகத்திலிருந்து அகாடமிக், ஜெனரல் டிரெயினிங் என்று தனித்தனியாக வருகிறது. மாற்றி வாங்கிவிடாதீர்கள். இரண்டுக்கும் லிசனிங், ஸ்பீக்கிங் ஒன்றுதான். ரீடிங்கும் ரைட்டிங்கும் வேறு. அகாடமிக் ரீடிங்கில் 40-க்கு 30 சரியாக இருந்தால் ஏறத்தாழ 7 வரும். ஜெனரலில் அதே 7-க்கு 34 வேண்டியிருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘ரியல் எக்ஸாம்’ பி.டி.எஃப்.களில் விடையே தவறாக இருப்பதுண்டு. அதை வைத்துப் பயிற்சி செய்தால் சரியான விடையையும் தவறென்று அடித்துக்கொள்வீர்கள்.

இப்போது அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். இருபத்திரண்டு தாளில் கடைசியாகப் போட்டதை மட்டும் எடுத்து, தவறான 14 கேள்விகளையும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். ஆறு தவறு ‘ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்’ வகையில். மூன்றில் விடை தெரிந்திருக்கிறது. ஆனால் ஒன்றில் பன்மைக்குரிய ‘எஸ்’ இல்லை, இரண்டில் ‘இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம்’ என்ற இடத்தில் மூன்று சொல். மீதி ஐந்தும் மூன்றாவது பாடப்பகுதியில் நேரம் போதாமல் வெற்றாக விட்டவை. இந்தத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. வெற்றிடம் விடுவதில் எந்த லாபமும் இல்லை. அவருக்கு 26-லிருந்து 30-க்குப் போக நான்கே கேள்விகள் போதும். அந்த நான்கும் அகராதி மனப்பாடம் செய்து கிடைப்பவை அல்ல.

‘நாட் கிவன்’ நம் பிள்ளைகளை ஏன் இப்படி வாட்டுகிறது என்பதை நம்மூர் உதாரணத்திலேயே சொல்கிறேன். பாடப்பகுதியில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘அலையாத்தி மரங்களின் வேர்கள் அலையின் வேகத்தைக் குறைக்கின்றன. அதனால் காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர்களுக்குச் சேதம் குறைகிறது.’ கீழே கேள்வி: ‘2004 சுனாமியில் அலையாத்திக் காடு பிச்சாவரம் பக்கத்து ஊர்களைக் காத்தது.’ நம் பிள்ளை உடனே ட்ரூ என்று போடும். கிள்ளையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நாமும் பார்த்திருக்கிறோம். ஆனால் பாடப்பகுதியில் 2004-ம் இல்லை, பிச்சாவரமும் இல்லை. ஆகவே விடை நாட் கிவன். ‘வேர்கள் அலையின் வேகத்தைக் கூட்டுகின்றன’ என்று கேட்டிருந்தால் அது ஃபால்ஸ், ஏனென்றால் பகுதி அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. தாளில் எழுதியிருப்பதற்கு மட்டும்தான் இங்கே மதிப்பு. நமக்கு வெளியே தெரிந்தது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அதைக் கொண்டுவரக் கூடாது. சாட்சி சொல்பவர் தான் கண்டதை மட்டும் சொல்வது போல என்றேன். அந்தப் பிள்ளை முதல்முறையாகச் சிரித்தார்.

ஒரு தாளை மூன்று அமர்வாகச் செய்யுங்கள். முதல் அமர்வில் கடிகாரம் வைத்து, ரீடிங் என்றால் 60 நிமிடம், நடுவில் எழுந்திருக்காமல் முடிக்க வேண்டும். போனை வேறு அறையில் வையுங்கள். இரண்டாம் அமர்வு மறுநாள். அதே தாள், கடிகாரம் இல்லை, விடையும் பார்க்கக் கூடாது, வேறு நிற மை. முதல் நாள் தவறாகி இரண்டாம் நாள் சரியானவை நேரத்தின் பிழைகள். இரண்டு நாளும் தவறானவை புரிதலின் பிழைகள். இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. மூன்றாம் அமர்வில்தான் விடையைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு விடைக்கும் பாடப்பகுதியில் அந்த வரி எங்கே என்று தேடிக் கோடு போட்டு, நோட்டில் நான்கு கட்டம்: நான் எழுதியது, சரியான விடை, அது இருக்கும் வரி, ஏன் தவறினேன். கடைசிக் கட்டத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதித் தப்பிக்கக் கூடாது. ‘கேள்வியில் எல்லாரும் என்று இருந்தது, பகுதியில் சிலர் என்று இருந்தது’ என்பது போலக் காரணம் வேண்டும். பத்து நாள் கழித்து, தவறியவற்றை மட்டும் மீண்டும் போடுங்கள்.

இப்படிச் செய்தால் ஒரு வாரத்தில் ஒரு தாள்தான் முடியும். அது போதும். ஒரு புத்தகத்தின் நான்கு தாளை இப்படி முடித்தவர், நாற்பது தாளைப் புரட்டியவரைவிட முன்னே நிற்பார். புதிய புத்தகம் ஒன்றைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முந்திய இரண்டு வாரத்துக்கு அது தேவைப்படும்.

இன்னொன்று. ரீடிங்கில் 15-க்குக் கீழே வாங்கும் பிள்ளை பழைய வினாத்தாளை மூடி வைப்பதே நல்லது. வினாத்தாள் மொழியைக் கற்றுத் தராது. எங்கே ஓட்டை என்று மட்டும் காட்டும். அவர்கள் மூன்று மாதம் ஃபஜ்ருக்குப் பிறகு ஆங்கிலச் செய்தித்தாளில் தினம் ஒரு கட்டுரை படித்துவிட்டு வரட்டும்.

லிசனிங்கில் ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான் ஓடும். வீட்டில் நிறுத்தி நிறுத்திக் கேட்டால் அது பயிற்சி ஆகாது. முதல் தடவை தேர்வு போலக் கேட்டுவிட்டு, பிறகு தவறிய இடத்தை மட்டும் எழுத்து வடிவத்தோடு பத்துத் தடவை கேளுங்கள். பேசுபவர் ‘செவ்வாய்’ என்பார், உடனே ‘இல்லை, வியாழன்’ என்று திருத்துவார்; நம் பிள்ளை செவ்வாயை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கும். தர்ட்டீன், தர்ட்டி இரண்டும் காதில் ஒன்றாக விழும். தொலைபேசி எண்ணில் சைபரை ‘ஓ’ என்பார்கள், இரண்டு ஏழை ‘டபுள் செவன்’ என்பார்கள். எழுத்துப் பிழை வந்தால் விடையே தவறு.

ஸ்பீக்கிங் 11-லிருந்து 14 நிமிடம். இரண்டாம் பகுதியில் ஓர் அட்டை தருவார்கள். ஒரு நிமிடம் யோசித்து, ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். நம் பிள்ளைகள் நாற்பது விநாடியில் நின்றுவிடுகிறார்கள். பழைய அட்டைகளை எடுத்து போனில் பதிவு செய்து கேளுங்கள். அம்மாவை எதிரில் உட்கார வைத்தும் பேசலாம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும், மகள் எங்கே தடுமாறுகிறாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளைக்கு மூன்றாம் முறை ரீடிங்கில் 7 வந்தது, அல்ஹம்துலில்லாஹ். ரைட்டிங் மட்டும் 6-ல் நிற்கிறது. காரணத்தை இப்போது அவரே கண்டுபிடித்துச் சொன்னார்: பழைய தலைப்புகளுக்கு எழுதிய கட்டுரைகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். திருத்துபவர்கள் மனப்பாடத்தை அடையாளம் காணப் பயிற்சி பெற்றவர்கள். தலைப்பு சற்று மாறினாலும் மனப்பாடக் கட்டுரை கேட்ட கேள்விக்குப் பதிலாக அமையாது. இரண்டாவது கட்டுரைக்கு 250 சொல்லாவது வேண்டும். முதலாவதைவிட அதற்கு இரு மடங்கு மதிப்பு. ஆகவே பழைய தலைப்பைப் புதிதாக எழுதி, ஒரு ஆசிரியரிடம் திருத்தி வாங்கி, அதே கட்டுரையை மறுபடி எழுத வேண்டும். தமிழில் நினைத்து எழுதுவதால் ஏ, த என்ற சிறு சொற்கள் விடுபடும். ‘ஒன் ஆஃப் த’ என்பதற்குப் பின்னால் பன்மை வராது. இவையும் நோட்டில் ஏறட்டும். நர்சிங் பிள்ளைகள் ஓ.இ.டி. என்ற மருத்துவத் துறை ஆங்கிலத் தேர்வையும் யோசிக்கலாம். அதில் கட்டுரைக்குப் பதில், நோயாளியின் குறிப்புகளிலிருந்து ஒரு கடிதம் எழுத வேண்டும். வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு அது இயல்பாக வருகிறது.

‘வரும் சனிக்கிழமை தாள் கையில் இருக்கிறது’ என்று சொல்லிப் பணம் கேட்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பகுதிப் பெற்றோர் சிலருக்கும் அப்படி அழைப்பு வந்திருக்கிறது. அது மோசடி என்பதோடு, வாங்குபவருக்கும் ஹராம். 2014-ல் பிரிட்டனில் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் ஆள்மாறாட்டம் நடப்பதையும், கண்காணிப்பாளரே விடைகளை வாசித்துக் காட்டுவதையும் பி.பி.சி. படம்பிடித்து ஒளிபரப்பியது. 2011-லிருந்து 2014 வரை அங்கே எழுதப்பட்ட 58,458 தேர்வுகளில் 97 விழுக்காடு சந்தேகத்துக்குரியவை என்று தேர்வு நிறுவனம் சொன்னது. ஆயிரக்கணக்கான மாணவர்களின் விசா போயிற்று. நேர்மையாக எழுதியவர்களும் அதில் மாட்டிக்கொண்டு, தங்கள் பெயரைக் காப்பாற்ற ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறினார்கள்.

பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். நம் பெயர்களில் அத்தா பெயர் முன்னாலா பின்னாலா, முகமதுவா முஹம்மதுவா என்ற குழப்பம் உண்டு. தேர்வன்று அசல் பாஸ்போர்ட்டையே கேட்பார்கள்.

டிரஸ்ட் நிர்வாகக் குழு இப்போது ஒரு மாற்றம் செய்திருக்கிறது. முதல் தடவைக் கட்டண உதவிக்கு, இரண்டு பழைய தாள்களை மூன்று அமர்வாக முடித்த பிழை நோட்டை விண்ணப்பத்தோடு கொண்டுவர வேண்டும். இரண்டாம் தடவைக்கு நான்கு தாள். மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, அதைப் பார்த்து உதவியை மறுக்க மாட்டோம். நோட்டு இல்லாமல் வந்தால் நோட்டோடு வரச் சொல்லித் திருப்பி அனுப்புவோம். புத்தகங்கள் அலுவலக வாசிப்பறையில் உள்ளன. அங்கேயே உட்கார்ந்து எழுதலாம், புத்தகத்தில் மட்டும் எழுதாதீர்கள். ஞாயிறு அஸர் முதல் மஃரிப் வரை ஆண் பிள்ளைகளுக்கும், காலை பத்து மணி முதல் ளுஹர் வரை பெண் பிள்ளைகளுக்கும் அறை ஒதுக்கப்பட்டுள்ளது. காலை நேரத்தில் மேலே சொன்ன அந்தப் பிள்ளையே வந்திருந்து மற்றவர்களின் நோட்டைப் பார்த்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் நான்காம் முறை எழுதப் போகிறார், துஆ செய்யுங்கள்.