மடங்கும் விரல், மரத்த பாதம்

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். பலர் வெறுங்காலுடன் ஏறுகிறார்கள். வழியில் கல் குத்துகிறது. "ஆ!" என்று காலைத் தூக்குகிறோம். கல்லை எடுத்துப் போடுகிறோம்.

குத்தியதே தெரியாவிட்டால்? அதே காலோடு மலை ஏறிவிடுவோம். சிறு காயம் பெரும் புண்ணாகும். வலி நம் பாதத்துக்குக் காவல்காரன்.

தொழுநோயும் சர்க்கரை நோயும் பாதத்து நரம்பைக் கெடுக்கும். அப்போது பாதம் மரத்துப்போகும். விரலை நேராக நிறுத்தும் சிறு தசைகளும் வலுவிழக்கும். விரல்கள் பருந்தின் நகம்போல் மடங்கும். விரல் நுனி தரையில் அழுந்தும். மேல் முட்டி செருப்பில் உரசும். அங்கே புண் வரும்.

முனை குறுகிய, இறுக்கமான செருப்பாலும் விரல் மடங்கலாம். ஆனால் அது வலிக்கும். வலிக்காத விரலே அதிக ஆபத்து.

சித்தூருக்கு அருகில் இருப்பது வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் டாக்டர் பால் பிராண்ட் வந்தார். தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்று மக்கள் நம்பிய காலம் அது. அது தவறு என்று அவர் காட்டினார். மரத்த விரலில் தெரியாமல் படும் அடியும், ஆறாத புண்ணுமே விரல் குறையக் காரணம். ஆகவே, காலைக் காத்தால் விரலைக் காக்கலாம்.

நாம் செய்ய வேண்டியவை:

1. தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள். அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பாருங்கள். விரல் இடுக்கையும் பாருங்கள்.
2. கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். சுடுநீரில் காலை வைக்காதீர்கள்.
3. விரல் பகுதி அகலமான, மெத்தென்ற செருப்பு போடுங்கள். போடுமுன் உள்ளே கல், முள் உள்ளதா எனத் தட்டிப் பாருங்கள்.
4. மடங்கிய விரலைக் கையால் மெல்ல நீட்டிவிடுங்கள். நாளானால் விரல் விறைத்துவிடும். பிறகு அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.
5. காய்ப்பைப் பிளேடால் அறுக்காதீர்கள்.

உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா? கால் மதமதக்கிறதா? புண் இருந்தும் வலி இல்லையா? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொழுநோய் மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். 6 அல்லது 12 மாதம் சாப்பிட்டால் நோய் குணமாகும். மறைக்க வேண்டாம். வெட்கப்பட வேண்டாம்.

முகத்தைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறோம். நம்மைச் சுமக்கும் பாதத்தை எப்போது பார்த்தோம்?

பேசுவோம்:
வலியைக் காவல்காரன் என்பது ஏன்?
உங்கள் வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர் யார்? இன்றிரவு அவர் பாதத்தைப் பாருங்கள்.