பள்ளியில் ஈட்டும் வரவு கல்லூரியில் செல்லுமா?

வங்கியில் பணிபுரிவோருக்குக் ‘கிரெடிட்’ என்னும் சொல் இரு பொருளில் பழக்கமானது. கணக்கில் வரவு வைப்பதும் கிரெடிட். கடன் வழங்குவதும் கிரெடிட். கல்விக் கடன் பிரிவுக்கு மாற்றலாகி வந்தபின் மூன்றாவது பொருள் ஒன்றையும் நான் கற்க வேண்டியதாயிற்று. கல்லூரிப் பாடம் ஒவ்வொன்றுக்கும் அளிக்கப்படும் மதிப்பலகுக்கும் கிரெடிட் என்றே பெயர். இந்த மூன்றாம் பொருளை உரிய காலத்தில் கற்காமையால் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லியே இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வாடிக்கையாளர் ஒருவர் தம் மகளின் சேர்க்கைக் கடிதத்துடன் எங்கள் கிளைக்கு வந்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் இளநிலைப் பட்டம், நான்காண்டுப் படிப்பு. அவரோ மூன்றாண்டுச் செலவுக்கு மட்டுமே கடன் கேட்டார். “என் மகள் பள்ளியிலேயே நான்கு ஏ.பி. தேர்வுகளில் தேறியிருக்கிறாள், சார். அதனால் ஓராண்டு குறைந்துவிடும்” என்றார். தாம் பணி ஓய்வு பெறவும் நான்காண்டுகளே உள்ளன என்றும், கடன் குறைவாக இருப்பதே நல்லது என்றும் சொன்னார். அந்த நினைப்பில் தவறில்லை. கடிதத்தில் நான்காண்டு என்றே இருந்தது. இருப்பினும் அவர் சொன்ன கணக்கை நான் அப்படியே ஏற்றேன். வீட்டுப் பத்திரம் பிணையாகப் பெறப்பட்டது. மூன்றாண்டுச் செலவுக்குக் கடன் ஒப்பளிக்கப்பட்டது.

மூன்றாம் ஆண்டின் நடுவில் அவர் மீண்டும் வந்தார். படிப்பு முடிய இன்னும் ஓராண்டு இருந்தது. எங்கே தவறியது என்பதை அன்று இருவரும் அமர்ந்து பாடம் பாடமாகப் பார்த்தோம். அன்று நான் கற்றதே இக்கட்டுரையின் பொருள்.

கிரெடிட் என்பது எதன் அளவு?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பட்டம் என்பது ஆண்டுகளால் மட்டும் அளக்கப்படுவதன்று. வாரத்திற்கு ஒரு மணி நேர வகுப்பு வீதம், ஏறத்தாழ 15 வாரங்கள் கொண்ட ஒரு பருவம் முழுவதும் பயில்வது பொதுவாக ஒரு கிரெடிட். ஒரு பாடத்திற்குப் பெரும்பாலும் 3 அல்லது 4 கிரெடிட் கிடைக்கும். இளநிலைப் பட்டத்திற்கு வழக்கமாக 120 கிரெடிட் வேண்டும். பருவத்திற்கு 15 வீதம் எட்டுப் பருவங்களில், அதாவது நான்காண்டுகளில், அது நிறைவுறும்.

இந்த 120-இல் ஒரு பகுதியைப் பள்ளியிலேயே ஈட்டிவிட இயலுமா என்னும் கேள்விக்கு விடையாகப் பிறந்ததே ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’, சுருக்கமாக ஏ.பி. மேல்நிலைப் பள்ளியின் சிறந்த மாணவர், கல்லூரியின் முதலாண்டில் அறிந்ததையே மீண்டும் பயில வேண்டியிருக்கிறது என்ற குறை 1950-களில் அங்கே எழுந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் தொடங்கிய முயற்சியை, 1955 முதல் ‘காலேஜ் போர்டு’ என்னும் அமைப்பு ஏற்று நடத்திவருகிறது. இன்று ஏறத்தாழ 40 பாடங்களில் இத்தேர்வு உள்ளது. ஆண்டுதோறும் மே மாதத்தில் தேர்வு, ஜூலையில் முடிவு. மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 என்பது தகுதி பெற்றதற்கு அடையாளம். 5 மிக உயர்ந்தது.

இந்தியாவிலும் இத்தேர்வை எழுதலாம். ஏ.பி. பாடங்களை நடத்தும் பள்ளிகள் சில உள்ளன. அப்பள்ளிகளில் பயிலாதவர்களும், வெளி மாணவரை ஏற்கும் மையங்களில் பதிவுசெய்து எழுத இயலும். மே மாதத் தேர்வுக்கு முந்தைய ஆண்டின் இறுதிக்குள் பதிவுசெய்துவிட வேண்டும் என்பதைப் பெற்றோர் பலர் காலங்கடந்தே அறிகின்றனர். ஒரு தேர்வுக்கான கட்டணம் வெளிநாட்டு மாணவர்க்கு 100 டாலருக்கு மேல். மையங்கள் தனிக் கட்டணமும் பெறுவதுண்டு.

ஒரு வகுப்பறை காட்டிய உண்மை

ஏ.பி. என்பது வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்கே உரியது என்ற எண்ணம் அமெரிக்காவிலும் இருந்தது. அதை அசைத்தது கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியின் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளி. பொலிவியாவில் பிறந்து அங்கே கணித ஆசிரியராகப் பணியாற்றிய ஹைமே எஸ்கலாண்டே, உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நுண்கணிதம் கற்பித்தார். 1982-இல் அவருடைய மாணவர் 18 பேர் ஏ.பி. நுண்கணிதத் தேர்வை எழுதினர். 18 பேரும் தேறினர்.

தேர்வை நடத்திய நிறுவனம் அதை எளிதில் நம்பவில்லை. விடைகளில் ஒற்றுமை உள்ளது எனக் கூறி 14 பேரின் மதிப்பெண்ணை ஐயுற்றது. அவர்களுள் 12 பேர் மீண்டும் எழுத இசைந்தனர். எழுதிய 12 பேரும் மீண்டும் தேறினர். 1988-இல் வெளிவந்த ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ என்னும் திரைப்படம் இவ்வரலாற்றையே சொல்கிறது.

இந்நிகழ்ச்சியில் பெற்றோர் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. இத்தேர்வு உண்மையான கல்வியை அளக்க வல்லது. முறையாகப் பயின்ற பிள்ளை எப்பின்னணியில் இருந்தும் இதில் வெல்ல இயலும். ஆனால், வென்ற மதிப்பெண்ணைக் கொண்டு என்ன பெறலாம் என்பது தேர்வு நடத்துபவரின் கையில் இல்லை. அது கல்லூரியின் கையில் உள்ளது. என் வாடிக்கையாளரும் நானும் இடறியது இவ்விடத்தில்தான்.

காசோலையும் தீர்வும்

வாடிக்கையாளர்கள் நன்கறிந்த உவமை ஒன்றைச் சொல்கிறேன். கணக்கில் காசோலை செலுத்திய அன்றே பணம் வந்துவிட்டதாகாது. காசோலை தீர்வாகி வரவாக வேண்டும். சில வேளை அது திரும்பியும் வரும். ஏ.பி. மதிப்பெண் அத்தகைய காசோலை. அதை ஏற்பதா, எவ்வளவுக்கு ஏற்பதா, எந்தக் கணக்கில் வரவு வைப்பதா என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தானே முடிவு செய்கிறது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 3-உம் அதற்கு மேலும் பெற்ற மதிப்பெண்களுக்குக் கிரெடிட் அளிக்கிறது. ஆயினும் பட்டத்தின் எந்தத் தேவைக்கு அது ஈடாகும் என்பது வளாகத்துக்கு வளாகம், துறைக்குத் துறை வேறுபடும். டெக்சாஸ், இல்லினாய் மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் 3 பெற்றவர்க்குக் கிரெடிட் வழங்குவதற்குச் சட்டமே உண்டு. மாறாக, கால்டெக் ஏ.பி. தேர்வுக்குக் கிரெடிட் அளிப்பதில்லை. டார்ட்மவுத் கல்லூரி 2014-இல் சேர்ந்த மாணவர் முதல் பட்டத்திற்கான கிரெடிட் வழங்குவதை நிறுத்தியது. உயர் பாடத்தில் நேரே சேர்வதற்கு மட்டும் அம்மதிப்பெண் அங்கே உதவும். எம்.ஐ.டி. மிகச் சில பாடங்களிலேயே, அதுவும் 5 பெற்றால்தான் ஏற்கிறது.

நன்கு கவனித்தால் ஒரு போக்கு தெரியும். சேர்க்கைக்குக் கடும் போட்டி உள்ள கல்லூரிகள் பெரும்பாலும் கிரெடிட் தருவதில் கைச்சிக்கனம் காட்டும். ஆகவே ஒரே மதிப்பெண் பட்டியல், ஒரு கல்லூரியில் ஓராண்டின் மதிப்பையும் மற்றொன்றில் வெறும் பாராட்டையும் பெறக்கூடும்.

மூன்று வகை வரவு

காசோலை தீர்வானாலும், எந்தக் கணக்கில் வரவாயிற்று என்பது அடுத்த வினா. இதனை மூன்றாகப் பிரித்தறியலாம்.

முதலாவது, இட உயர்வு. கிரெடிட் ஏதும் சேராது. தொடக்கப் பாடத்தைத் தாண்டி அடுத்த நிலைப் பாடத்தில் மாணவர் சேரலாம். கல்விக்கு நன்மை; செலவு குறையாது.

இரண்டாவது, விருப்பப் பாட வரவு. 120-இல் சில கிரெடிட் கூடும். ஆனால் துறைக்குரிய கட்டாயப் பாடங்கள் அனைத்தும் அப்படியே இருக்கும்.

மூன்றாவது, பட்டத் தேவையை நிறைவேற்றும் வரவு. கட்டாயப் பாடம் ஒன்று முழுமையாகக் கழியும். காலத்தைக் குறைக்க வல்லது இவ்வகை மட்டுமே.

என் வாடிக்கையாளர் மகளின் நான்கு தேர்வுகளில் ஒன்றை அப்பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. உளவியலும் பொருளியலும் விருப்பப் பாட வரவாயின. நுண்கணிதம் ஒன்றே கட்டாயப் பாடத்தைக் கழித்தது. பொறியியலில் வேறொரு தடையும் உண்டு. ஒரு பாடம் முடித்தால்தான் அடுத்தது என்னும் முன்தேவைச் சங்கிலி அங்கே நீளமானது. சில பாடங்கள் ஆண்டுக்கு ஒரு பருவத்தில் மட்டுமே நடத்தப்படும். சங்கிலியின் ஒரு கண்ணி குறைந்தால் அப்பருவம் இலேசாகும். சங்கிலி ஓராண்டு குறுகிவிடாது. பொருளியல், வரலாறு போன்ற துறைகளில் காலத்தைக் குறைப்பது இதைவிட எளிது. மருத்துவக் கல்வியை நாடுவோர் மேலும் கவனமாக இருத்தல் வேண்டும். அறிவியல் முன்தேவைகளுக்கு ஏ.பி. கிரெடிட்டை ஏற்காத மருத்துவக் கல்லூரிகள் அங்குப் பல உள்ளன.

பணக்கணக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, பருவத்திற்கு 12 முதல் ஏறத்தாழ 18 கிரெடிட் வரை எத்தனை எடுத்தாலும் ஒரே கட்டணம் பெறுகின்றன. வெளிநாட்டு மாணவர் விசா நிபந்தனைப்படி பருவத்திற்குக் குறைந்தது 12 கிரெடிட் பயில வேண்டும். எனவே இரண்டு மூன்று பாடங்கள் கழிந்தமையால் மட்டும் கட்டணம் குறைவதில்லை. ஒரு முழுப் பருவம் முன்னதாகப் பட்டம் பெற்றால்தான் பணம் மிஞ்சும்.

அவ்வாறு மிஞ்சினால் அது சிறு தொகையன்று. எடுத்துக்காட்டாக, கட்டணமும் தங்கும் செலவும் சேர்த்து ஆண்டுக்கு 40,000 டாலர் என்றும், டாலர் 85 ரூபாய் என்றும் கொள்வோம். ஆண்டுக்கு 34 லட்சம். பருவத்திற்கு 17 லட்சம். இந்த 17 லட்சத்தை 10 விழுக்காடு வட்டியில் பத்தாண்டு மாதத் தவணையாக அடைப்பின் மாதத்திற்கு ஏறத்தாழ 22,500 ரூபாய். மொத்தம் ஏறத்தாழ 27 லட்சம். கல்விக் கடனில் பொதுவாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை தொடங்காது. ஆயினும் வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு பருவம் முன்னதாக முடிப்பவர், கடனைக் குறைப்பதோடு அரையாண்டு முன்னதாக ஊதியமும் பெறத் தொடங்குகிறார்.

ஆதலின் வாய்ப்பைக் கைவிட வேண்டா என்பதே என் கருத்து. வாராத வரவை நம்பிக் கடன் திட்டம் வகுக்கலாகாது என்பதையே வலியுறுத்துகிறேன்.

பிற வழிகளும் நம் நாட்டு ஏற்பாடும்

ஐ.பி. பட்டயப் படிப்பின் உயர்நிலைப் பாடங்களுக்கும், கேம்பிரிட்ஜ் ஏ-லெவல் பாடங்களுக்கும் அமெரிக்கக் கல்லூரிகள் பல கிரெடிட் அளிக்கின்றன. மேலே கூறிய எச்சரிக்கைகள் அவற்றுக்கும் பொருந்தும்.

நம் நாட்டிலும் கிரெடிட் முறை வளர்ந்துவருகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் ‘அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்’ என்னும் ஏற்பாட்டை அறிமுகப்படுத்தியது. பெயரிலேயே வங்கி! மாணவர் ஈட்டிய கிரெடிட் அவர் பெயரிலுள்ள கணக்கில் சேமிக்கப்பட்டு, நிறுவனம் மாறினாலும் விதிகளுக்கு உட்பட்டுப் பயன்படும். 2023-இல் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பு, பள்ளிக் கல்வியையும் இவ்வளவீட்டுக்குள் கொணர்ந்தது. 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட், ஆண்டுக்கு 40 கிரெடிட் என்பது அதன் அளவுகோல். இதனையும் ஏ.பி. முறையையும் ஒன்றெனக் கருதலாகாது. இங்கே பள்ளியில் பெறும் கிரெடிட், கல்லூரிப் பட்டத்தின் பாடங்களைத் தானே கழித்துவிடுவதில்லை.

பெற்றோர் செய்ய வேண்டுவன

1. பாடத்தைத் தேர்வதற்கு முன்பே, விரும்பும் கல்லூரிகளின் ஏ.பி. கிரெடிட் அட்டவணையைப் பாருங்கள். எந்தப் பாடத்தில், எம்மதிப்பெண்ணுக்கு, எப்பாடம் கழியும் என்பது அதில் இருக்கும்.

2. பல்கலைக்கழகத்தின் பொது விதியோடு நில்லாமல், சேரும் துறையின் விதியையும் கேளுங்கள். பதிவாளர் அலுவலகத்தின் விடையை மின்னஞ்சலில் எழுத்தாகப் பெறுங்கள்.

3. மதிப்பெண்ணைக் காலேஜ் போர்டு வழியாகவே கல்லூரிக்கு அனுப்புங்கள். கையிலுள்ள நகலை வைத்துக் கல்லூரி கிரெடிட் வழங்காது.

4. கல்லூரி கிரெடிட்டைப் பதிவுசெய்தபின், மாணவ ஆலோசகருடன் அமர்ந்து பருவவாரியான பாடத்திட்டத்தை வகுக்கச் செய்யுங்கள். எந்தப் பருவத்தில் பட்டம் நிறைவுறும் என்பது அப்போதே தெளிவாகும்.

5. உதவித்தொகை இருப்பின், முன்னதாக முடிப்பதால் அதில் மாற்றம் வருமா என்றும் கேளுங்கள்.

6. கடனை முழுப் படிப்புக் காலத்திற்கும் ஒப்பளிப்புப் பெறுங்கள். தொகை பருவம் பருவமாகவே வழங்கப்படும். வழங்காத தொகைக்கு வட்டி இல்லை. படிப்பு முன்னதாக முடிந்தால் எஞ்சிய தொகையைப் பெறாமல் விட்டுவிடலாம்.

இந்த ஆறாவது அறிவுரையை அன்று நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால், ஓய்வு பெறும் வயதில் அவர் மீண்டும் ஆவணங்களைத் திரட்டிக் கூடுதல் கடனுக்கு விண்ணப்பித்தார். கடன் கிடைத்தது, பெண் பட்டம் பெற்றாள், இப்போது தவணையை அவளே தவறாமல் செலுத்துகிறாள். பள்ளியில் பயின்ற நுண்கணிதம் முதலாண்டிலேயே தன்னை உயர் பாடத்தில் அமர்த்தியது என்று ஒருமுறை தொலைபேசியில் மகிழ்ச்சியுடன் சொன்னாள். அந்த வரவு என்றும் குறையாதது.

அவள் தந்தையின் வீட்டுப் பத்திரம் இன்னும் எங்கள் பெட்டகத்தில் உள்ளது. இப்போதெல்லாம் ஏ.பி. மதிப்பெண்ணுடன் பெற்றோர் எவர் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றே: “கல்லூரி இதை வரவு வைத்துவிட்டதா?”