நினைவாய்வில் இரு முறைகள்: எபிங்காஸும் பார்ட்லெட்டும்

வாய்மொழிக் கதைகள் வடிவம் மாறுவதை விளக்க, நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் உளவியலின் நினைவாய்வுகளை நாடுவதுண்டு. அங்ஙனம் நாடுவோர் முடிவை மட்டும் கொண்டு, அதைத் தந்த முறையை நோக்காது விடுதல் பொருந்தாது.

எபிங்காஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ 2,300 பொருளற்ற அசைகளைக் கையாண்டார். முன்னறிவு குறுக்கிடாதிருக்கவே பொருளை நீக்கினார். மறந்த பட்டியலை மீண்டும் மனனம் செய்யும்போது மிச்சமாகும் நேரத்தைக் கொண்டு எஞ்சிய நினைவை அளந்தார். ஆய்வாளரும் ஆய்வுக்குட்பட்டவரும் அவர் ஒருவரே. எனினும் 2015இல் மூரே, டிராஸ் ஆகியோர் அம்முறையைத் திரும்பச் செய்தபோது ஒத்த மறதி வளைவே கிடைத்தது (அதிலும் ஆய்வுக்குட்பட்டவர் ஒருவரே). ஆனால் பொருளற்ற அசைகள் கதையாகா.

பார்ட்லெட்டின் 1932ஆம் ஆண்டு நூல் கதையையே எடுத்துக்கொண்டது. வட அமெரிக்கத் தொல்குடிக் கதையொன்றைக் கேம்பிரிட்ஜில் சிலரை இருமுறை படிக்கச் செய்து, இடைவெளிவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார். மரத்தோணி படகாயிற்று, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. அயலானவை பழகியவையாகத் திரிந்தன. ஆயின் கால இடைவெளிகள் சீராக இல்லை. புள்ளியியல் பகுப்பாய்வும் இல்லை. 1999இல் பெர்க்மன், ரோடிகர் ஆகியோர் கட்டுப்பாட்டுடன் நிகழ்த்திய ஆய்வே அத்திரிபுகளை உறுதிப்படுத்தியது.

நமக்கு வேறொரு தடையும் உண்டு. அயற்கதையைத் தாளில் இருமுறை படித்தவரும், கதையறிந்த அவையின் முன் கொடைதோறும் வில்லுப்பாட்டுப் பாடும் புலவரும் ஒருநிலையினர் அல்லர். புலவர் செய்யும் மாற்றம் மறதியால் நேர்ந்ததா, அவை நோக்கிச் செய்யப்பட்டதா என்பதைப் பார்ட்லெட்டின் முறை பிரித்துக் காட்டாது. ஒரே புலவர் ஒரே கதையை வெவ்வேறு அவைகளில் பாடுவதைப் பல ஆண்டுகள் பதிவுசெய்தாலன்றி அது விளங்காது.