கப்பல் ஊழியருக்கு நன்றி சொல்வது எப்படி?

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘கோர்டேலியா’ சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கியபின், வெம்பாக்கம், ஆரணிப் பக்கக் குடும்பங்களுக்கும் கப்பல் பயணம் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. அறையைத் துடைத்து, படுக்கை விரித்து, சாப்பாடு பரிமாறும் ஊழியர்கள் பலர் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து, வார விடுமுறையின்றி உழைப்பவர்கள்.

டிப்ஸ் தருமுன் பில்லைப் பாருங்கள்; பல கப்பல்களில் சேவைக் கட்டணம் முன்பே சேர்ந்திருக்கும். அதற்குமேல் தர விரும்பினால், கடைசி நாள் இரவே கவரில் போட்டு நேரில் கொடுங்கள். இறங்கும் காலையில் அடுத்த பயணிகளுக்கு அறை தயாராகும் அவசரத்தில் அவர்களைப் பிடிக்க முடியாது.

பணத்தைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. சட்டையில் குத்திய பெயர்ப்பட்டையைப் பார்த்து, கருத்துப் படிவத்தில் அந்தப் பெயரை எழுதி, அவர் செய்ததைப் பற்றியும் ஒரு வரி சேருங்கள்: ‘மாமியாருக்குத் தினமும் வெந்நீர் கொண்டுவந்தார்.’ மேலதிகாரி அதைப் படிப்பார். பதவி உயர்வுக்கும் உதவலாம்.

வீட்டுப் பலகாரம் வேண்டாம். ஊழியர்கள் தங்குவது சிறிய பகிர்வு அறை. பெரிய பரிசும் தொந்தரவுதான். ஆரணிப் பட்டில் தைத்த சின்ன பர்ஸ் போதும். குழந்தைகளையும் பெயர் சொல்லி நன்றி கூறப் பழக்குங்கள்.