ஒளி ஏந்திய எதிர்ப்பொருள்

காலில் முள் தைக்கின்றது. அதனைப் பிடுங்கி எறிந்துவிட்டு நம் வேலையைப் பார்க்கின்றோம். சிறிது நேரம் சென்றபின் அவ்விடம் சிவக்கின்றது, தொட்டால் சுடுகின்றது, வீங்குகின்றது, வலிக்கின்றது. இந்நான்கு குறிகளையும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே உரோம நாட்டுச் செல்சஸ் என்பார் தம் மருத்துவ நூலில் எழுதிவைத்தார். இந்நிலையை அழற்சி என்பர். அழற்சி என்பது உடல் தன்னைக் காத்துக்கொள்ள நிகழ்த்தும் போர். முள்ளோடு உட்புகுந்த நுண்ணுயிர்களை அழிப்பதற்காகக் குருதிக் குழாய்கள் விரிந்து வழிவிடுகின்றன. வெள்ளணுக்கள் அங்கே வந்து குவிகின்றன. பகை ஒழிந்ததும் போர் ஓய்கின்றது, புண்ணும் ஆறிவிடுகின்றது.

பகைவனே இல்லாத இடத்தில் போர் மூண்டு, அது ஓயாமலும் நடந்தால் என்னாகும்? முடக்குவாதம் என்னும் நோயில் நிகழ்வது அதுவே. அந்நோய் உற்றவர்க்குக் கைவிரல் மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கி வலிக்கும். காலையில் எழுந்தவுடன் விரல்களை மடக்க இயலாது. சட்டைக்குப் பொத்தான் இடுவதும், குடத்தைத் தூக்குவதும், எழுதுகோலைப் பிடிப்பதும் அவர்க்குப் பெருந்துன்பமாகும். ஆண்டுகள் செல்லச் செல்ல மூட்டினுள் இருக்கும் குருத்தெலும்பு அரிக்கப்பட்டு, விரல்கள் கோணிப்போகும். இந்நோயில் உடலைக் காக்க வேண்டிய படையே உடலைத் தாக்குகின்றது. அப்படையை ஏவுவது யார் என்பதை அறிஞர் நெடுங்காலம் அறிந்திலர்.

போர்க்களத்தில் முரசறைந்து படை திரட்டுவார் உளர் அல்லரோ? உடலினுள் அத்தொழிலைச் செய்வன சைட்டோகைன்கள் எனப்படும் சிறு புரதங்கள். ஓர் உயிரணு அவற்றைச் சுரந்து வெளிவிடும். மற்றோர் உயிரணு அவற்றைத் தன் மேற்பரப்பில் ஏற்று, அச்செய்திக்கேற்ப நடக்கும். அவற்றுள் ஒன்றின் பெயர் கழலை நசிவுக் காரணி. 1975ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் லாயிட் ஓல்டு, எலிசபெத் கார்ஸ்வெல் முதலியோர், சில எலிகளின் குருதித் தெளிநீரில் கழலைகளை நசியச் செய்யும் பொருள் ஒன்று இருப்பதைக் கண்டு அதற்கு இப்பெயரை இட்டனர். அதே நகரில் வேறோர் ஆய்வுக்கூடத்தார், நோயுற்ற விலங்குகளின் உடலை மெலிவிக்கும் பொருள் ஒன்றைத் தனியே தேடிக்கொண்டிருந்தனர். 1985இல் அவ்விரண்டும் ஒரே பொருள் எனத் தெளிவாயிற்று. பெயர் கழலையைச் சுட்டினும், இதன் முதன்மையான தொழில் அழற்சியை மூட்டுவதே. பெயரைக் கொண்டு பொருளின் இயல்பை முடிவு செய்தல் அறிவியலிலும் பொருந்தாது போலும்!

இப்பொருளைக் காண்பது எளிதன்று. நலமுற்றவர் குருதியில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில பிக்கோகிராம் அளவே இது காணப்படும். அதனினும் குறைதலும் உண்டு. ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமின் இலட்சங்கோடியில் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர் நீளமும், ஒரு கிலோமீட்டர் அகலமும், ஒரு மீட்டர் ஆழமும் உடைய ஏரி ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். அந்த ஏரி நீர் முழுவதிலும் ஒரே ஒரு கிராம் உப்பைக் கரைத்தால், ஒவ்வொரு மில்லிலிட்டர் நீரிலும் ஒரு பிக்கோகிராம் உப்பு இருக்கும். அத்துணைச் சிறிய அளவை, குருதியிலுள்ள எண்ணற்ற பிற புரதங்களுக்கு நடுவே, எவ்வாறு இனங்கண்டு அளப்பது?

இதற்கு வேண்டிய கருவியை இயற்கையே படைத்துவைத்திருக்கின்றது. அயற்பொருள் ஒன்று உடலிற் புகுந்தால், உடல் அதனைப் பற்றிப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்கும். எதிர்ப்பொருள் கவைக்கோல் போன்ற வடிவுடையது. அதன் இரு கவைகளின் நுனிகளும் தமக்குரிய பொருளை மட்டுமே பற்றும். பிறவற்றைப் பெரும்பாலும் தீண்டா. ஒரு பூட்டுக்கு ஒரு திறவுகோல் போன்றது இது. மனிதரின் கழலை நசிவுக் காரணியை எலிக்கு ஊசி வழியாகச் செலுத்தினால், எலியின் உடல் அதனைப் பற்றும் எதிர்ப்பொருளை ஆக்கித் தரும். ஆனால் எதிர்ப்பொருளும் கண்ணுக்குப் புலனாகாத ஒன்றே. அது சென்று பற்றிய இடத்தை நாம் அறிவது எங்ஙனம்?

அதன் கையில் ஒரு விளக்கைக் கொடுத்தனுப்பலாம் என்று எண்ணியவர் ஆல்பர்ட் கூன்சு என்னும் அமெரிக்க மருத்துவர். 1939ஆம் ஆண்டுக் கோடையில் அவர் பெர்லின் நகருக்குச் சென்றிருந்தார். அங்கே, வாதக் காய்ச்சலுற்றோரின் இதயத்தில் தோன்றும் சிறு முடிச்சுகளைப் பற்றி அவர் சிந்திக்கலானார். அம்முடிச்சுகளில் நுண்ணுயிரின் கூறு ஏதேனும் ஒளிந்திருக்குமோ? இருப்பின், அதனைப் பற்றும் எதிர்ப்பொருளுடன் ஒளிரும் சாயம் ஒன்றை இணைத்து அனுப்பினால், நுண்ணோக்கியில் அவ்விடம் ஒளிவிடாதோ? ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் அவர் இதனைச் செய்து பார்த்தார். 1941இல் முதல் வெற்றி கிட்டியது. முதலில் எடுத்த சாயம் நீல ஒளி தந்தது. உடலின் திசுக்களும் இயல்பாகவே நீல ஒளி வீசுவன ஆதலின் வேறுபாடு விளங்கவில்லை. பின்னர்ப் பச்சை ஒளி வீசும் ஃபுளோரசின் என்னும் சாயத்தைக் கையாண்டார். நுரையீரற் காய்ச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரின் பொருள் திசுக்களில் எங்கெங்கு இருந்ததோ, அங்கெல்லாம் பச்சை ஒளி மின்னியது. அவர் தேடிச் சென்றது ஒன்று. கிடைத்ததோ, உலகத்து ஆய்வுக்கூடங்கள் எல்லாம் இன்றளவும் கையாளும் ஒரு முறை.

இருக்கும் இடத்தை அறிந்தால் போதாது. இருக்கும் அளவையும் அறிதல் வேண்டும். நியூயார்க் நகரின் பிராங்க்சு மருத்துவமனையில் ரோசலின் யாலோ அம்மையாரும் சாலமன் பெர்சனும் கதிரியக்க அயோடினை அடையாளமாகக் கொண்டு குருதியிலுள்ள இன்சுலினை அளந்தனர். அவர்கள் அடையாளமிட்டது எதிர்ப்பொருளை அன்று, இன்சுலினையே. எனினும், எதிர்ப்பொருளின் துணையால் மிக நுண்ணிய அளவையும் அளக்கலாம் என்னும் உண்மை அப்போது நிலைநாட்டப்பெற்றது. பெர்சன் 1972இல் மறைந்தார். 1977இல் யாலோ அம்மையார் நோபல் பரிசு பெற்றார். கதிரியக்கப் பொருளைக் கையாள்வதில் இடர் உண்டு. ஆகவே, 1971இல் ஸ்டாக்ஹோமில் ஈவா எங்வால், பீட்டர் பெர்ல்மன் ஆகியோரும், ஆலந்து நாட்டில் வேறிருவரும், கதிரியக்கத்திற்கு மாற்றாக நொதி ஒன்றை அடையாளமாக இணைத்தனர். அம்முறையை இன்று எலைசா என்பர்.

பிறிதொரு குறையும் இருந்தது. ஒரு விலங்கின் குருதியிலிருந்து எடுக்கும் எதிர்ப்பொருள் பலவகை எதிர்ப்பொருள்களின் கலவை. அவ்விலங்கு இறந்தால் அதுவும் தீர்ந்துபோகும். 1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும், எதிர்ப்பொருள் ஆக்கும் உயிரணுவைச் சாகாது பெருகும் புற்று உயிரணுவோடு ஒன்றாக்கினர். அவ்வாறு பிறந்த உயிரணு, ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய மட்டும் தந்துகொண்டே இருந்தது.

இனி, கழலை நசிவுக் காரணியை எலைசா முறையில் அளக்கும் விதத்தைக் காண்போம். இதற்குரிய தட்டு நம் வீட்டுப் பல்லாங்குழிப் பலகையைப் போன்றது. அதில் எட்டு வரிசைகளில் பன்னிரண்டு பன்னிரண்டாக 96 சிறு குழிகள் உண்டு. ஒவ்வொரு குழியிலும் அக்காரணியைப் பற்றும் எதிர்ப்பொருளை ஊற்றிக் குளிரில் ஓரிரவு வைத்தால், அது குழியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். குழியின் வெற்றிடமோ எப்புரதத்தையும் ஈர்த்து ஒட்டவைக்கும் இயல்புடையது. ஆகவே, பாற்புரதம் போன்ற ஒன்றை ஊற்றி அவ்வெற்றிடத்தை மூடிவிடுவர். அதன்பின் நோயாளியின் குருதித் தெளிநீரை இடுவர். அதிலுள்ள காரணி, அடியில் காத்திருக்கும் எதிர்ப்பொருளிடம் சிக்கிக்கொள்ளும். ஏனையவை கழுவும்போது போய்விடும். அடுத்து, அடையாளமிட்ட இரண்டாம் எதிர்ப்பொருளை இடுவர். இது அக்காரணியின் வேறோர் இடத்தைப் பற்றுவது. மீண்டும் கழுவியபின், நிறமற்ற நீர்மம் ஒன்றைச் சேர்ப்பர். அடையாளமாக உள்ள நொதி அதனை நீல நிறமாக்கும். அமிலம் இட்டதும் அது மஞ்சளாகும். மஞ்சள் எத்துணை அழுத்தமோ, காரணி அத்துணை மிகுதி. அளவு தெரிந்த தூய காரணியைச் சில குழிகளில் இட்டு, அவற்றின் நிறத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவர்.

ஒரு நொதி மூலக்கூறு ஓயாது வேலை செய்து, நிறமற்ற பொருளின் எண்ணற்ற மூலக்கூறுகளை நிறமுடையனவாக மாற்றும். புலப்படாத சிற்றளவு கண்ணுக்குப் புலனாவது இதனாலேயே. கழுவுதல்தானே என்று அலட்சியமாக இருத்தல் ஆகாது. ஒட்டாத எதிர்ப்பொருள் சிறிது தங்கினாலும் நிறம் தோன்றிப் பொய்யுரைக்கும். குருதியை எடுத்தபின் பிரிக்காமல் நெடுநேரம் வைத்திருப்பதும் தவறு. குழாயினுள் இருக்கும் வெள்ளணுக்கள் அங்கேயே அக்காரணியைச் சுரக்கக்கூடும். நாம் அளப்பது நோயாளியின் உடலில் இருந்ததா, குழாயில் பிறந்ததா என்பது அப்போது விளங்காது.

முடக்குவாத நோயாளியிடம் இதனினும் பெரிய வஞ்சனை ஒன்று காத்திருக்கின்றது. அவர்களுட் பலர் குருதியில், எதிர்ப்பொருள்களையே பற்றிப் பிடிக்கும் எதிர்ப்பொருள் ஒன்று உண்டு. அது, குழியின் அடியிலுள்ள எதிர்ப்பொருளை ஒருபுறமும், அடையாளமிட்ட எதிர்ப்பொருளை மறுபுறமும் பற்றி இரண்டையும் பாலம்போல் இணைத்துவிடும். இடையில் காரணி சிறிதும் இல்லாதபோதும் குழி மஞ்சள் நிறம் காட்டும்! எந்நோயை ஆராய்கின்றோமோ அந்நோயே சான்றைக் கலைத்துவிடுகின்றது. ஆகவே கவனமுடைய ஆய்வாளர், காரணிக்குத் தொடர்பில்லாத எதிர்ப்பொருள் பூசிய குழிகளிலும் அதே தெளிநீரை இட்டுப் பார்ப்பர். அங்கும் நிறம் தோன்றின், முன்னைய நிறத்தை நம்பார். இவ்வஞ்சனையைத் தடுக்க, வேறு விலங்கின் எதிர்ப்பொருளை மிகுதியாகக் கலந்துவைப்பதும், காம்பு நீக்கிய எதிர்ப்பொருளைக் கையாள்வதும் உண்டு.

இலண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி ஆகிய இருவரும் முடக்குவாதத்தை ஆராய்ந்தபோது, நோயுற்ற மூட்டில் ஒன்றல்ல, பல சைட்டோகைன்கள் மிகுந்திருப்பது தெரிந்தது. ஒன்றைத் தடுத்தால் மற்றவை அதன் வேலையைச் செய்யும். எனவே பயனில்லை என்று கருதியோர் பலர். 1989இல் இவர்களும் உடனுழைத்தோரும், நோயுற்ற மூட்டுகளிலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, கழலை நசிவுக் காரணியை மட்டும் எதிர்ப்பொருளால் தடுத்தனர். உடனே மற்றோர் அழற்சிப் பொருளான இன்டர்லூக்கின்-1 என்பதன் உற்பத்தியும் வீழ்ந்தது. முரசறைவோர் பலர் இருந்தும், தலைமுரசு ஒன்றே என்பது இதனால் புலனாயிற்று. 1991இல் எதிர்ப்பொருள்களைக் கொண்டு மூட்டுத் திசுக்களைச் சாயமிட்டு நோக்கியபோது, அக்காரணி மூட்டின் உட்சவ்வில் மட்டுமன்றி, அச்சவ்வு பரவிக் குருத்தெலும்பை அரிக்கும் எல்லையிலும் இருப்பது தெரிந்தது. களவு நடக்கும் இடத்திலேயே கள்வன் காணப்பட்டான்.

1992இல் இலண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில், அக்காரணியைத் தடுக்கும் எதிர்ப்பொருளை நோயாளிகளுக்கே மருந்தாகச் செலுத்தத் தொடங்கினர். ஆய்வுக்கூடத்தில் பொருளைக் காட்டிக்கொடுத்த எதிர்ப்பொருள், இப்பொழுது விளக்கைக் கீழே வைத்துவிட்டு வாளேந்திச் சென்றது எனலாம். முதலில் மருந்து பெற்றோர் 20 பேர். பிற மருந்துகளால் பயன் பெறாதவர் அவர்கள். அவர்களிடம் வீங்கியிருந்த மூட்டுகளின் இடைநிலை எண்ணிக்கை, ஆறு வாரங்களில் 18இலிருந்து 5ஆகக் குறைந்தது. மருந்தின் ஆற்றல் தேய்ந்ததும் நோய் மீண்டும் தலைகாட்டியது. அதுவும் ஒரு சான்றே. இன்ஃபிளிக்சிமாப் என்னும் அம்மருந்தும், அதனைப் பின்பற்றி வந்த பிறவும், இன்று உலகெங்கும் வழங்குகின்றன. அவற்றின் விலை இன்னும் ஏழையர்க்கு எட்டுவதாக இல்லை.

வீணே மூளும் போரை நிறுத்தும் மருந்து, வேண்டிய போரையும் தளர்த்திவிடும். காசநோய்க் கிருமிகள் நுரையீரலிற் புகுந்தால், உடல் அவற்றைச் சூழ்ந்து உயிரணுக்களால் மதில் எழுப்பிச் சிறைவைக்கும். அம்மதில் சரியாமல் காப்பதில் கழலை நசிவுக் காரணிக்குப் பெரும் பங்கு உண்டு. அதனைத் தடுத்த நோயாளிகள் சிலருக்கு, உறங்கிக் கிடந்த காசநோய் விழித்தெழுந்ததை 2001இல் மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். ஆதலின், இம்மருந்தைத் தருமுன் காசநோய் மறைந்திருக்கின்றதா என்று ஆராய்கின்றனர். அவ்வாய்வுகளுள் ஒன்றில், நோயாளியின் குருதியைக் காசநோய்க் கிருமியின் புரதங்களோடு கலந்து ஓரிரவு வைப்பர். முன்னரே அக்கிருமியை அறிந்த வெள்ளணுக்கள் இருந்தால், அவை காமா இன்டர்ஃபெரான் என்னும் சைட்டோகைனைச் சுரக்கும். மறுநாட் காலை அத்தெளிநீரை எடுத்து, அதே பல்லாங்குழி போன்ற தட்டில், அடையாளமிட்ட எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கின்றனர்.