எந்தச் சோர்வுக்கு எந்தக் குளிசை?

பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சுகம் தந்த குளிசையை வாங்கிப் போட்டுப் பார்ப்பதை மனச்சோர்வில் மட்டும் செய்யாதீர்கள். பெயர் ஒன்றுதான், நோய் ஒன்றல்ல.

இழவுத் துக்கத்தை முதலில் பிரித்து வையுங்கள். 2004 சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் அழுகை நோயல்ல. இலேசான சோர்விலும் மருந்துக்கும் வெறும் மாவுக் குளிசைக்கும் வித்தியாசம் சொற்பம். ஆற்றுப்படுத்தல், நடை, ஒழுங்கான நித்திரை ஆகியவற்றில் தொடங்கலாம்.

கடும் சோர்வு வேறு. விடியப்புறம் மூன்று மணிக்கே முழிப்பு வரும், சோறு இறங்காது. பேரப்பிள்ளை மடியில் ஏறினாலும், வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்தி வந்தாலும் மனம் அசையாது. இங்கே மருந்து கட்டாயம். வழக்கமாக ஃபுளுவொக்செற்றின் அல்லது சேர்ட்ரலின் கொடுப்பார்கள். “ஒரு கிழமை குடிச்சன், ஒண்டும் காணல்ல” என்று விடுகிறவர்கள் அநேகம். நான்கு தொடக்கம் ஆறு கிழமை பொறுக்க வேண்டும். அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்றில் (2006) முதல் மருந்திலேயே முற்றாகத் தேறியவர்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர்தான். ஆகவே மருந்தை மாற்றுவது தோல்வியல்ல. சுகமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடருங்கள்.

“என்ர குடல் அழுகிப் போச்சு”, “ஊரே என்னைத் திட்டுது” என்று இல்லாததை நம்பத் தொடங்கினால் சோர்வு மருந்து தனியே போதாது. மாயநம்பிக்கையைத் தணிக்கும் மருந்தும் சேர வேண்டும். மின்வலிப்புச் சிகிச்சை இவர்களுக்கு நன்றாக வேலை செய்யும்.

நான் அதிகம் அஞ்சுவது இருமுனை நோயின் சோர்வுக்குத்தான். பார்வைக்கு மற்றச் சோர்வு போலவே இருக்கும். ஆனால் முன்பொரு காலம் நித்திரையே இல்லாமல் களைப்பும் இல்லாமல், ஓயாத பேச்சும் கைமீறிய செலவுமாக இருந்திருப்பார். அவருக்குச் சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் மனம் மறுபக்கம் எகிறக்கூடும். லித்தியம், குவெற்றியபின் போன்றவையே பொருத்தம். அந்த நாட்களை நோயாளி நோயென்று எண்ணமாட்டார். வைத்தியர் கேளாவிட்டாலும் கூடப் போகிறவர் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளை பெற்ற தாய்க்குச் சேர்ட்ரலின் ஏற்றது. பாலில் மிகக் குறைவாகவே போகும். 25 வயதுக்குட்பட்டவர்களை மருந்து தொடங்கிய முதல் கிழமைகளில் கவனியுங்கள், தற்கொலை எண்ணம் கூடலாம். அமிற்றிப்ரிலின் என்ற சோர்வு மருந்து அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும்; பெட்டியை வீட்டில் இன்னொருவர் வைத்திருக்கட்டும்.

மட்டக்களப்புச் செட்டிபாளையத்தாருக்குக் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை கிட்ட. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு. இரண்டிலும் மருந்து இலவசம். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள்.