முன்பாரம் பார்த்து வாங்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பிக்கப் வாங்கிய சூட்டோடு டிரெய்லரும் பார்க்கக் கிளம்பிவிட்டாய் என்று என் அக்கா போனில் சொன்னாள். நீ அனுப்பிய படத்தில் இருக்கும் 26 அடி வண்டி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பணம் மட்டும் கட்டிவிடாதே. "உங்க டிரக் 9,000 பவுண்டு இழுக்கும், இது வெறும் 5,600தான்" என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவர் பொய் சொல்லவில்லை. இருந்தாலும் அந்த இரண்டு எண்ணையும் வைத்து முடிவெடுத்தால் நீ டெக்சாஸைத் தாண்டுவதற்குள் வருத்தப்படுவாய்.

9,000 என்பது சோதனையில் வந்த எண். எஸ்ஏஇ ஜே2807 என்றொரு விதிமுறை உண்டு. அதன்படி அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கத்து நீண்ட ஏற்றத்தில், ஏசியை முழுதாகத் திருகிவிட்டு, குறிப்பிட்ட வேகம் குறையாமல் ஏறிக் காட்ட வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அதில் டிரக்குக்குள் ஆட்கள் என்று கணக்கில் வருவது ஓட்டுநரும் ஒரு பயணியும், தலா 150 பவுண்டு. உன் டிரக்கில் நீ, உன் மனைவி, கோடைக்கு மதுரையிலிருந்து வரும் அக்கா, அத்தான் என்று நாலு பேர். அந்த 5,600ம் ஆலையிலிருந்து வெறுமையாக வந்த வண்டியின் எடை. தண்ணீர் ஒரு காலனுக்கு 8.3 பவுண்டு, 30 காலன் தொட்டி நிரம்பினால் அதுவே 250. அப்புறம் பாத்திரம், படுக்கை, அரிசி, அக்கா விடமாட்டாள் என்பதால் டேபிள்டாப் கிரைண்டரும். டிரெய்லரின் ஸ்டிக்கரில் அதிகபட்ச மொத்த எடை என்று ஓர் எண் இருக்கும். பயணத்தில் வண்டி அதை ஒட்டித்தான் நிற்கும், அதையே அதன் எடையாக வைத்துக்கொள்.

இப்போது உன் டிரக்கின் ஓட்டுநர் கதவைத் திற. தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று. அதுதான் பேலோடு. உன்னுடையது 1,400 என்று வைப்போம். நாலு பேருக்கு 620 போகட்டும். டிரெய்லரை மாட்டும் ஹிட்ச், ஐஸ் பெட்டி, பின்னால் போடும் சாமான் எல்லாம் 180. மிச்சம் 600. டிரெய்லரின் முனை ஹிட்ச் மேல் அழுத்துகிற எடை முழுக்க இந்த 600க்குள் அடங்க வேண்டும். அந்த அழுத்தம் டிரெய்லர் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இருக்கும். பதின்மூன்று என்று போட்டால் உனக்கு ஆகக்கூடிய டிரெய்லர் நிறைந்த சுமையோடு 4,600 பவுண்டு. நீ ஆசைப்படும் 26 அடி, நிறைந்தால் 7,000ஐத் தொடும். ஹிட்ச்சில் 900க்கு மேல் உட்காரும். எஞ்சின் இழுத்துவிடும். டிரக்கின் பின்பகுதி தாழ்ந்து, முன்சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் உன் பேச்சைக் கேட்காது.

அப்படியானால் ஹிட்ச் மேல் எடையைக் குறைத்துவிடலாமே என்று கேட்பாய். அங்கேதான் உயிர் போகும். உன் தாத்தா மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் என்று சத்தம் போட்டபடியே நிற்பார். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நசுங்கும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லரும் அதே கணக்குதான், ஆனால் மணிக்கு 65 மைலில். பின்பாரமான டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கினால், ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி டிரக்கையும் சேர்த்துப் புரட்டிவிடும். எனவே கனமான சாமானை அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலோ தரையோடு வை. டிரெய்லரின் பின் பம்பரில் சைக்கிள் மாட்டாதே.

ஆட்டம் வந்தேவிட்டால் டிரக்கின் பிரேக்கை மிதிக்காதே, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதே. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு. டிரக்கிலிருந்து டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலரில் கைப்பிடி ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடிக்கும். பின்னாலிருந்து இழுத்து நேராக்கிவிடும். அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொடத் தெரிய வேண்டும். கன்ட்ரோலர் இல்லாத டிரக்கில் முதல் செலவு அதுதான். அடுத்தது வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச். பின்னால் அழுத்தும் எடையில் ஒரு பங்கை முன்சக்கரத்துக்குத் திருப்பும். அதனால் பேலோடு கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

எதை வாங்குவது? என்னைக் கேட்டால் முட்டை வடிவ ஃபைபர்கிளாஸ் வண்டி. மரச்சட்டத்தில் தகடோ பலகையோ ஒட்டிய டிரெய்லர்களுக்கு எமன் மழைநீர். கூரையிலும் மூலையிலும் உள்ள ஒவ்வோர் இணைப்பும் என்றாவது ஒழுகும், சுவருக்குள்ளேயே மரம் இற்றுப்போகும். ஃபைபர்கிளாஸில் மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டே ஓடுகள், ஒரே நீண்ட இணைப்பு. கனடாவின் வின்னிபெக்கில் 1968இல் போலர் என்ற முட்டை வடிவ டிரெய்லரைத் தொடங்கிய ரே ஒலெக்கோ அதற்கு முன் செய்துகொண்டிருந்தது ஃபைபர்கிளாஸ் செப்டிக் டேங்க்! நீர் கசியாத ஓடு செய்யத் தெரிந்தவர். மின்னசோட்டாவின் ஸ்காம்ப், உங்கள் டெக்சாஸ்காரக் காசிட்டா எல்லாம் அதே குடும்பம். 4,600க்கு வெகு கீழேயே நிற்பவை. நாலு பேர் படுக்க நெருக்கம்தான். அக்காவும் அத்தானும் உள்ளே படுக்கட்டும், நீங்கள் இருவரும் வெளியே கூடாரம் போட்டுக்கொள்ளுங்கள். பழையது வாங்கினால் டயரைப் பார். பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். ஆறு வருடம் கடந்திருந்தால் பட்டன் தேயாமல் இருந்தாலும் மாற்று. கழிவறை, அடுப்பு, டிவி பற்றியெல்லாம் உன் மனைவி என்னைவிட நன்றாகத் தேர்ந்தெடுப்பாள்.

வாங்கியதும் சாமான், தண்ணீர், ஆட்கள் எல்லாவற்றோடும் நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் இருக்கும் கேட் (CAT) ஸ்கேல் எடைமேடையில் ஏற்றி நிறுத்து. டிரக்கின் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் என்று தனித்தனி எடை போட்ட சீட்டு தருவார்கள். ரிவர்ஸுக்கு ஒரே சூத்திரம்: கையை ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் வை, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. ஞாயிறு காலை காலியான பார்க்கிங்கில் பழகு.

முதல் பயணம் பிக் பெண்ட் பூங்கா என்றாயே, நல்லது. சிசோஸ் பேசினுக்கு ஏறும் சாலையில் 20 அடிக்கு மேற்பட்ட டிரெய்லர் வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. வளைவும் செங்குத்தும் அப்படி. டிரெய்லரை ரியோ கிராண்டே வில்லேஜ் முகாமில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகு கழற்றி விட்டுவிட்டு, டிரக்கில் மட்டும் மேலே போ. கதவு ஸ்டிக்கரைப் படம் எடுத்து இன்றைக்கே எனக்கு அனுப்பு. கணக்கை நானும் ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா